கச்சான் காற்றும் கூடைப்பந்தும்

கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் போன்ற ஊர்களில் திறந்தவெளித் திடலில் ஆடும்போது எதிரணியில் ஆறாவதாக ஒருவரும் சேர்ந்துகொள்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். நடுவரின் விசிலுக்கும் கட்டுப்படமாட்டார். அவர்தான் கடற்காற்று!

நேற்று மாலை நீங்கள் எறிந்த பந்து வலைக்குள் அழகாக விழுந்தது. இன்று அதே இடத்தில் நின்று, அதே வேகத்தில் எறிகிறீர்கள். பந்து வளையத்தின் ஓரத்தில் பட்டு எகிறிப் போகிறது. "இன்று கை சரியில்லை" என்று நொந்துகொள்கிறீர்கள். குற்றம் உண்மையில் கையினுடையதா, காற்றினுடையதா? அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பந்தைக் காற்று அப்படி எவ்வளவு தூரம் தள்ளிவிட முடியும்? ஊகம் வேண்டாம். நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு சுவர்களுக்குள் பிறந்த ஆட்டம்

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. வெளியே கடும் பனிக்காலம். மாணவர்கள் உள்ளேயே ஆடுவதற்கு ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்த உயரம் 10 அடி. இன்றும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்; அதாவது 3.05 மீட்டர்.

பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே இந்த ஆட்டம் நம் நாட்டிலும் பரவியது. 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் விளையாட்டுகளைக் கொண்டு சென்றனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்றே நுழையாத ஒரு கூடத்துக்காக உருவான ஆட்டம் இது. அதை நாம் கடலோரத்தில், வானமே கூரையாக வைத்து ஆடுகிறோம். ஆகவே ஆட்டத்தின் கணக்கில் சில புதிய எண்கள் சேர்ந்துவிடுகின்றன.

பந்து ஏன் துள்ளுகிறது?

கூடைப்பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 செ.மீ. நிறை ஏறக்குறைய 600 கிராம். அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு பிடித்து, கெட்டியான தரையில் விழவிடுங்கள். நல்ல பந்தாக இருந்தால் அது 1 மீட்டருக்குச் சற்று மேலே எழும்பும்.

1.8 மீட்டர் உயரத்திலிருந்து வந்த பந்து அதே உயரத்துக்கு ஏன் திரும்பவில்லை? உயரத்தில் இருந்தபோது பந்துக்கு நிலையாற்றல் இருந்தது. விழும்போது அது இயக்க ஆற்றலாக மாறியது. தரையில் மோதியதும் பந்து நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று அமுங்கியது. அமுங்கிய காற்று மறுபடி விரிந்து பந்தை மேலே தள்ளியது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஆற்றல் வெப்பமாகவும் ஒலியாகவும் போய்விட்டது. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும்போது உங்கள் கை ஒவ்வொரு தட்டிலும் இந்த நஷ்டத்தைத்தான் ஈடுகட்டுகிறது.

கடற்கரை மணலில் இதே பந்தைப் போட்டால் 'பொத்' என்று விழுந்து கிடக்கும். மணற்பரல்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்வதிலேயே ஆற்றல் முழுவதும் செலவாகிவிடுகிறது. இதற்கு உலகப் புகழ் பெற்ற சான்று ஒன்று உண்டு. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமானது. அந்தப் போட்டிகள் திறந்தவெளியில், களிமண்ணும் மணலும் கலந்த டென்னிஸ் திடல்களில் நடந்தன. இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டித் திடல் சேறாகிவிட்டது. பந்து துள்ளவே இல்லை; தட்டிக்கொண்டு ஓட வழியில்லை. அமெரிக்கா கனடாவை வென்றது. புள்ளிகள் எவ்வளவு தெரியுமா? 19-க்கு 8! ஆட்டத்தைத் தோற்றுவித்த நெய்ஸ்மித்தும் அந்த ஒலிம்பிக்கைக் காண வந்திருந்தார்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. காலையில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு அழுத்தம் இருக்குமாறு பந்துக்குக் காற்றடிக்கிறீர்கள். நண்பகல் வெயிலில் கிடந்து அது 47 டிகிரி சூடாகிறது. கொள்கலனின் பருமன் மாறாதபோது வாயுவின் அழுத்தம் தனிவெப்பநிலைக்கேற்பக் கூடும் அல்லவா? அளவி இப்போது ஏறக்குறைய 9.5 பவுண்டு காட்டும். பந்து கல்போல் இறுகி, கூடுதலாகத் துள்ளும். எனவே காற்றின் அளவை ஆடும் நேரத்தில் சரிபார்ப்பதே முறை.

45 பாகை ஏன் போதாது?

இனி எறிதலுக்கு வருவோம். நமது உதாரணத்துக்கு ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொள்வோம். எதிரி யாரும் மறிப்பதில்லை. எறிபவரும் வளையமும் மட்டுமே. கோட்டிலிருந்து வளையத்தின் மையம் கிடைமட்டமாக ஏறக்குறைய 4.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. தலைக்கு மேல் கையை உயர்த்தி 2.1 மீட்டர் உயரத்தில் பந்தை விடுவதாக வைத்துக்கொண்டால், வளையம் கையைவிட 95 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

"எறிபொருள் அதிகத் தொலைவு செல்ல 45 பாகையில் எறிய வேண்டும்" என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது சரியே; ஆனால் எறிந்த மட்டத்திலேயே பந்து திரும்ப விழும்போதுதான் அது பொருந்தும். இங்கே இலக்கு கைக்கு மேலே இருக்கிறது. 45 பாகையில் எறிந்து வளையத்தின் மையத்துக்குப் பந்து வந்து சேருவதாகக் கணக்கிட்டால், அது கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 29 பாகைச் சரிவில் இறங்குவது தெரியவருகிறது. அதில் என்ன தவறு?

வளையத்தை ஒரு கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 45 செ.மீ. நேர் மேலேயிருந்து விழும் பந்துக்குக் கதவு முழுதும் திறந்திருக்கிறது. சாய்வாக வரும் பந்தின் பார்வையில் அதே வட்டம் நசுங்கி நீள்வட்டமாகிறது. கதவு பாதி மூடிக்கொள்கிறது. 29 பாகையில் வரும் பந்துக்குக் கதவின் அகலம் 22 செ.மீ.தான். பந்தின் விட்டமோ 24! வளையத்தில் இடிக்காமல் அது நுழையவே முடியாது. தொடாமல் நுழைய வேண்டுமானால் குறைந்தது 32 பாகைச் சரிவிலாவது பந்து இறங்க வேண்டும்.

அப்படியானால் சரியான கோணம் எது? நியூயார்க் நகரின் புரூக்ளின் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் பீட்டர் பிரான்காசியோ 1981ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு எளிய விதி ஒன்றைத் தந்தார். கையிலிருந்து வளையத்தைப் பார்க்கும் ஏற்றக் கோணத்தில் பாதியை 45 பாகையுடன் கூட்டுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் பந்தை வளையம் சேர்க்கும் கோணம் அதுவே.

நமது உதாரணத்தில் ஏற்றக் கோணம் ஏறக்குறைய 13 பாகை. அதில் பாதியைக் கூட்டினால் 51 பாகைக்குச் சற்று மேலே வருகிறது. தேவைப்படும் வேகம் விநாடிக்கு 7.2 மீட்டர். பறக்கும் நேரம் 0.94 விநாடி. இறங்கும் சரிவு ஏறக்குறைய 39 பாகை. கதவின் அகலம் 28 செ.மீ. பந்து தாராளமாக நுழையலாம். இந்தக் கோணத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எறியும்போது கை ஓரிரு பாகை தவறினாலும் பந்து விழும் இடம் அதிகம் மாறுவதில்லை.

கோணத்தை இன்னும் உயர்த்தி 60 பாகையில் எறிந்தால் கதவு 35 செ.மீ. அகலத்துக்குத் திறக்கிறது. கூடத்துக்குள் ஆடும்போது இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் பந்து பறக்கும் நேரம் 1.13 விநாடியாகிவிடுகிறது. கூடுவது 0.2 விநாடிதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்காகத்தான் காற்று காத்திருக்கிறது!

இனி காற்று வரட்டும்

நம் கடற்கரை மீனவர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வீசுவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோழகம். கிழக்குக் காற்று கொண்டல். மேற்குக் காற்று கச்சான். தென்மேற்குப் பருவ மாதங்களில் கச்சான் பலமாக அடிக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காதிருக்கத் திறந்தவெளித் திடல்களைப் பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைப்பார்கள். ஆகவே கச்சான் காற்று எறிபவருக்குக் குறுக்காக, பக்கவாட்டில் வந்து மோதும்.

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். சைக்கிள் மிதிக்கும் வேகந்தான். கடலோரத்தில் இதை யாரும் பெரிய காற்றென்று சொல்லமாட்டார்கள். விநாடிக்கு 5 மீட்டர். பந்து காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறக்குறைய 450 சதுர செ.மீ. காற்றின் அடர்த்தியையும் உருண்டை வடிவத்தையும் கணக்கில் சேர்த்தால், பந்தின்மீது பக்கவாட்டில் விழும் விசை அரை நியூட்டன் அளவில் இருக்கும். பந்தின் எடையோ 6 நியூட்டன். பன்னிரண்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் பந்து அந்தரத்தில் இருக்கும் நேரமெல்லாம் அந்த விசை அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

நியூட்டனின் இரண்டாம் விதிப்படி விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். முடுக்கத்தில் பாதியை நேரத்தின் இருமடியால் பெருக்கினால் நகர்ந்த தூரம். போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 37 செ.மீ.! மையத்திலிருந்து பத்து செ.மீ. விலகினாலே பந்து வளையத்தில் இடித்துவிடும். 37 செ.மீ. என்றால் அது வளையத்துக்கே வெளியே போய்விட்டது. குற்றம் யாருடையது என்று இப்போது தெரிகிறதா?

60 பாகையில் எறிந்த பந்தின் கதி இன்னும் மோசம். விலகல் நேரத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது அரை மீட்டர் அளவுக்குப் போய்விடும். ஆக, உயர எறிந்தால் கதவு அகலமாகிறது. காற்றுக்கும் வாய்ப்பு அதிகமாகிறது. தாழ எறிந்தால் காற்றுக்கு நேரம் கிடைக்காது, கதவு மூடிக்கொள்கிறது. கடலோர ஆட்டக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண வேண்டும்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதையும் நினைவில் வையுங்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுவேகமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சைகை விளக்கு தானே சிவப்பாகி ரயிலை நிறுத்திவிடும். 1914 முதல் 2022 வரை ரயில்களைத் தாங்கிய பாலம் அது. 2025 ஏப்ரலில் அதன் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. 58 என்பது நாம் எடுத்துக்கொண்ட 18 கி.மீ.யைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் நிலையாக நிற்கும் ஒரு பொருளின்மேல் அது தரும் விசை பத்து மடங்கு! ரயிலையே நிறுத்தி வைக்கும் காற்று ஏன் அவ்வளவு அஞ்சத்தக்கது என்பது இதிலிருந்து விளங்கும்.

எதிர்க்காற்று, பின்காற்று

காற்று குறுக்கே வராமல், நேர் எதிரே வந்தால்? பின்னாலிருந்து வந்தால்? "எதிர்க்காற்று எவ்வளவு குறைக்குமோ அவ்வளவு பின்காற்று கூட்டிவிடும், இரு பாதியிலும் திடலை மாற்றிக்கொள்வதால் கணக்கு நேராகிவிடும்" என்று நினைப்பது இயல்பு. இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை.

பந்து வளையத்தை நோக்கிக் கிடைமட்டமாக விநாடிக்கு ஏறக்குறைய 4.5 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரே 5 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால், பந்து காற்றைச் சந்திக்கும் வேகம் 9.5 மீட்டராகிறது. விசையோ இருமடிக்கேற்பக் கூடுகிறது. காற்றில்லாத நாளில் விழும் இடத்தைவிடப் பந்து ஏறக்குறைய 70 செ.மீ. முன்னதாகவே விழுந்துவிடும். அதே காற்று பின்னாலிருந்து வந்தாலோ, காற்றும் பந்தும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சேர்ந்து பயணம் செய்கின்றன. அமைதியான காற்று வழக்கமாகத் தரும் தடை நீங்குகிறது, அவ்வளவே. பந்து கால் மீட்டர் அளவுக்கே கூடுதலாகப் போகும். எதிர்க்காற்றின் தொல்லை பெரிது. பின்காற்றின் உதவி சிறிது.

இந்த எண்களெல்லாம் தோராயமானவை. உங்கள் உயரம், பந்தை விடும் விதம் இவற்றுக்கேற்பச் சற்று மாறும். ஆனால் எது பெரிது, எது சிறிது என்பதில் மாற்றமில்லை.

என்ன செய்யலாம்?

முதல் வழி, காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குறிவைப்பது. நமது குறுக்குக் காற்றுக்கு 5 பாகை திருப்பினால் போதும். இது விளையாட்டில் மட்டும் உள்ள உத்தியல்ல. வழிகாட்டும் கருவி இல்லாத சிறு ஆய்வு ராக்கெட்டுகளை ஏவும் முன் மேல்காற்றின் வேகத்தை அளந்து, அதற்கேற்ப ஏவுதளத்தின் சாய்வையும் திசையையும் மாற்றி வைப்பார்கள். 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் எழும்பியபோது அந்தக் குழுவில் இருந்தவர் இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த அப்துல் கலாம். ராக்கெட்டுக்கும் பந்துக்கும் காற்றின் கணக்கு ஒன்றுதான்.

இரண்டாவது, பொறுமை. காற்று ஒரே சீராக வீசுவதில்லை; விட்டு விட்டு வீசும். நடுவர் பந்தைக் கையில் தந்தபின் ஃப்ரீ த்ரோ எறிய உங்களுக்கு 5 விநாடி இருக்கிறது. கன்னத்தில் காற்று தணிவதை உணர்ந்து எறியுங்கள்.

மூன்றாவது, தூரத்தைக் குறைப்பது. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து எறிந்தால் அதே காற்றில் விலகல் அரை மீட்டரைத் தாண்டும். இரண்டு மீட்டருக்குள் வந்து எறிந்தால் ஃப்ரீ த்ரோவில் வரும் விலகலில் பாதிதான். காற்று நாளில் நெருங்கி நிற்கும் தோழருக்குப் பந்தைக் கொடுப்பவரே புத்திசாலி.

நான்காவது, பந்தைப் பின்சுழற்சியோடு மென்மையாக விடுவது. விரல் நுனியால் பின்னோக்கிச் சுழலும்படி விடப்பட்ட பந்து வளையத்திலோ பலகையிலோ படும்போது உராய்வினால் வேகம் குறைந்து உள்ளே விழப் பார்க்கும். சற்றே விலகிய பந்துக்கும் இது ஒரு மறுவாய்ப்பு.

உத்தியை அறிந்தால் மட்டும் போதாது. அதைக் கைக்கொள்ளத் துணிவும் வேண்டும். அமெரிக்க வீரர் வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அன்று அவர் எறிந்த 32 ஃப்ரீ த்ரோக்களில் 28 உள்ளே விழுந்தன. இரண்டு கைகளாலும் பந்தைத் தாழப் பிடித்து, முழங்கால் மட்டத்திலிருந்து மேலே வீசும் முறையில் அவர் எறிந்தார். பந்து மெதுவாக, நல்ல பின்சுழற்சியோடு போகும் முறை அது. ஆனால் அப்படி எறிவது கேலிக்குரியதாகத் தோன்றியதால் அதைக் கைவிட்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். அவரது ஆட்ட வாழ்வு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 51தான் தேறியது. அதே முறையைக் கேலிக்கு அஞ்சாமல் கடைசிவரை பின்பற்றிய ரிக் பாரியோ நூற்றுக்கு ஏறக்குறைய 90 எடுத்தார்!

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு வளையலையும், அதன் விட்டத்தில் பாதிக்குச் சற்றே பெரிதான ஓர் எலுமிச்சம் பழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வளையலைக் கிடையாகப் பிடித்து, பழத்தை ஒரு கம்பியில் குத்தி வெவ்வேறு சாய்வுகளில் நுழைத்துப் பாருங்கள். எந்தச் சாய்வுக்குக் கீழே அது இடிக்கத் தொடங்குகிறது என்று கோணமானியால் அளவிடுங்கள்.

2. சுவரில் சாக்கட்டியால் அளவு குறித்து, 1.8 மீட்டர் உயரத்திலிருந்து பந்தைச் சிமெண்டுத் தரை, மண் தரை, மணல் மூன்றிலும் விழவிட்டு, எழும்பும் உயரங்களை அட்டவணைப்படுத்துங்கள்.

3. காற்று வீசும்போது கூடைப்பந்தையும், ஏறக்குறைய அதே அளவுள்ள இலேசான பிளாஸ்டிக் பந்தையும் ஒரே உயரத்திலிருந்து ஒன்றாக விழவிடுங்கள். எது அதிகம் விலகுகிறது? ஏன்? (விசையை நிறையால் வகுத்ததை நினைவுகூருங்கள்.)

இதற்கு உலக அரங்கிலும் ஓர் உதாரணம் உண்டு. அணிக்கு மூவராக ஆடும் கூடைப்பந்து 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதற்கான பந்து ஆண்கள் பந்தைவிடச் சற்றுச் சிறியது. எடை மட்டும் அதே அளவு. பரப்பு குறைந்து நிறை குறையாததால் திறந்தவெளியில் காற்று அதை அவ்வளவாக அசைக்க முடியாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கச்சானில் பழகிய கை தன்னையறியாமல் காற்று வரும் பக்கமாகவே குறிவைக்கும். நாளை நீங்கள் மாநிலப் போட்டிக்காக ஓர் உள்ளரங்கில் நிற்கும்போது அங்கே காற்று இருக்காது. பழக்கம் மட்டும் கூடவே வந்திருக்கும். 5 பாகை திருப்பி எறிந்த பந்து அங்கே பலகையோடு போய்விடும். ஆகவே கைப்பழக்கத்தோடு, அந்தப் பழக்கம் எதற்காக வந்தது என்ற கணக்கையும் தெரிந்து வைத்திருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசினாலும், வீசாமலே நின்றாலும், அந்தக் கணக்கு உங்களுக்குக் கைகொடுக்கும்.